‘எல்லா வேலையும் செய்வோம்’ என்றால் யார் கூப்பிடுவார்கள்? பெங்களூரின் இரண்டு விர்ச்சுவல் அசிஸ்டென்ட் நிறுவனங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் எஸ்குயர் இதழில் ஏ. ஜே. ஜேக்கப்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க்கில் இருந்தபடியே தன் அலுவலக வேலைகளையும் வீட்டு வேலைகளையும் பெங்களூரில் இருக்கும் இரண்டு பெண்களிடம் ஒப்படைத்து, என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதியது அது. அலுவலக வேலைக்கு அமைந்தவர் பிரிக்வொர்க் நிறுவனத்தின் ஊழியர். வீட்டு வேலைக்கு அமைந்தவர் ‘யுவர் மேன் இன் இந்தியா’ என்ற நிறுவனத்தின் ஊழியர். 2007இல் டிம் ஃபெரிஸ் எழுதி வெளிவந்து பெருமளவில் விற்ற ‘த ஃபோர் ஹவர் வொர்க்வீக்’ புத்தகம் இந்தக் கட்டுரையின் பகுதியைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு நிறுவனங்களையும் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தது. வீட்டு வேலைகளைச் செய்துகொடுத்த நிறுவனம் பிற்பாடு கெட்ஃப்ரைடே என்ற பெயரில் உலகம் முழுக்க வாடிக்கையாளர்களைப் பிடித்தது.

இப்படித் தூரத்தில் இருந்தபடியே இணையம் வழியாகப் பிறர் வேலையைச் செய்துகொடுப்பவர்தான் விர்ச்சுவல் அசிஸ்டென்ட், சுருக்கமாக வி.ஏ. இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: “அவங்களுக்கு அதிர்ஷ்டம்.” பத்திரிகைக்காரர் ஒருவர் தானாக வந்து எழுதியது அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்தவர்களுக்கு ஏன் உடனே ஆள் வைக்கத் தோன்றியது என்பதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. கோயம்புத்தூரிலோ நாகர்கோவிலிலோ வீட்டில் ஒரு அறையில் மடிக்கணினியோடு இந்தத் தொழிலைத் தொடங்குகிறவர், பத்திரிகை எதுவும் எழுதாமலேயே அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். அதைக் காட்டத்தான் இந்த ஆய்வு.

கட்டுரை எதைக் காட்டியது

ஜேக்கப்ஸின் கட்டுரையில் திறமை, நேர்மை, நேரந்தவறாமை என்று பொதுவான பாராட்டு எதுவும் மனதில் நிற்பதில்லை. நிற்பவை எல்லாம் வேலைகள். கொலராடோ மாநிலச் சுற்றுலாத் துறையிலிருந்து அவருக்கு ஓயாமல் செய்திக் குறிப்புகள் வந்துகொண்டிருந்தன. அனுப்ப வேண்டாம் என்று மரியாதை குறையாமல் எழுதச் சொன்னார், உதவியாளர் எழுதினார். மகனுக்கு ஒரு எல்மோ பொம்மை வாங்கச் சொன்னார். கேட்ட பொம்மை தீர்ந்துபோயிருந்ததால், உதவியாளர் தானே யோசித்து வேறொரு எல்மோவை வாங்கிவிட்டார். நல்ல முடிவு என்று ஜேக்கப்ஸ் குறித்துக்கொண்டார். மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் வேலையைக்கூட ஒப்படைத்தார். ஒரு கட்டத்தில், இழுத்துக்கொண்டே போன ஒரு தொழில் விஷயத்தைப் பற்றிக் கவலைப்படும் பொறுப்பையே பெங்களூருக்குத் தள்ளிவிட்டார். உதவியாளர் அதற்கும் சரி என்றார்.

அந்தப் பொம்மைச் சம்பவம் எனக்கு மிகவும் பிடித்த இடம். ‘சுயமாக முடிவெடுக்கும் திறன் உண்டு’ என்று ஆயிரம் வி.ஏ.க்கள் தங்கள் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். படிப்பவர் மனதில் அது ஒட்டாது. பொம்மை தீர்ந்துபோன கதை ஒட்டிக்கொள்கிறது. படிக்கிறவருக்கு, போன வாரம் தான் பாதியில் விட்ட ஏதோ ஒரு வேலை ஞாபகத்துக்கு வருகிறது. அந்த இடத்திலேயே பாதி விற்பனை முடிந்துவிடுகிறது.

வி.ஏ. தொழிலின் பெரிய சிக்கல், இதை வாங்க வேண்டியவருக்கே எதை வாங்குகிறோம் என்று தெரியாது என்பதுதான். கணக்காளர் என்றால் கணக்குப் பார்ப்பார், வழக்கறிஞர் என்றால் வழக்கைப் பார்ப்பார். வி.ஏ. என்ன செய்வார்? ‘நிர்வாக உதவி, மின்னஞ்சல் மேலாண்மை, சமூக ஊடகம், தரவு உள்ளீடு, பயண ஏற்பாடு, இன்னும் பல’ என்று பட்டியல் போட்டால், தன்னிடம் இருக்கும் எந்த வேலையை எடுத்துக் கொடுப்பது என்று யோசிக்கும் பொறுப்பை வாடிக்கையாளர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். அவருக்கு நேரம் இல்லாததால்தானே உதவி தேடி வந்தார்? யோசிக்க நேரமில்லாமல் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்.

யுவர் மேன் இன் இந்தியா இதைக் கட்டுரைக்கு முன்பே சரியாகச் செய்திருந்தது. அந்தச் சேவை முதலில் யாருக்காகத் தொடங்கப்பட்டது என்று பாருங்கள்: வெளிநாடுவாழ் இந்தியர்களுக்காக. ஊரில் வயதான அப்பா அம்மா, கட்ட வேண்டிய கட்டணங்கள், பார்த்துக்கொள்ள வேண்டிய வீடு, ஏறி இறங்க வேண்டிய அலுவலகங்கள். நியூஜெர்சியில் இருக்கும் மகனுக்கு இவை எல்லாம் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கும் வேலைகள். ‘இந்தியாவில் உங்கள் ஆள்’ என்ற பெயரே யாருக்கு, எங்கே, எதற்கு என்ற மூன்றையும் சொல்லிவிடுகிறது. வாங்குபவர் யார் என்று முதலில் முடிவு செய்த பிறகு வைத்த பெயர் அது.

இதே பாடத்தை இந்தத் தொழிலின் பிறப்பிலும் பார்க்கலாம். 1990களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ஸ்டேசி பிரைஸ் வி.ஏ.க்களுக்காக அசிஸ்ட்யூ என்ற பயிற்சி அமைப்பைத் தொடங்கினார். அவர் அதற்கு முன் உதவியாளராக வேலை பார்த்தது, தொழில்முறைப் பயிற்றுநர்களுக்கான கோச் யூ அமைப்பை நிறுவிய தாமஸ் லெனார்டிடம். பயிற்றுநர்கள் பெரும்பாலும் தனியாளாகத் தொழில் செய்பவர்கள், தொலைபேசி வழியாகவே வாடிக்கையாளர்களைச் சந்திப்பவர்கள். தூரத்தில் இருந்து உதவுபவர் அவர்களுக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. அதைவிட முக்கியம், அவர்கள் ஒருவரோடு ஒருவர் ஓயாமல் பேசிக்கொள்ளும் கூட்டம். ஒருவருக்குச் செய்த வேலை பத்துப் பேர் காதுக்குப் போய்விடும். சின்ன நிறுவனத்துக்கு விளம்பரச் செலவு செய்ய வசதி கிடையாது. அதனால் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு தொழில்காரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் அதற்கு இருக்கும் ஒரே மலிவான வழி.

விலை பற்றிய கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயம்

‘மணிக்கு எவ்வளவு?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதனால் விலையைக் குறைத்தால் வாடிக்கையாளர் வருவார் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மணிக்கு மூன்று டாலர், இரண்டரை டாலர் என்று போட்டி போட்டுக் கீழே இறங்குகிறார்கள். நல்ல ஆங்கிலமும் நல்ல படிப்பும் உள்ள பெண்கள், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு நள்ளிரவில் அந்தக் கூலிக்கு உழைப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஃபெரிஸின் புத்தகம் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. அதனால் அவர்கள் மனதில் எது ஓடுகிறது என்று அதில் தெரிகிறது. அங்கே இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, தூரத்து உதவியாளரிடம் டெபிட் கார்டு விவரத்தைக் கொடுக்காதே, உன் சார்பில் அவர் நுழைய வேண்டிய தளங்களுக்குத் தனியாக ஒரு கடவுச்சொல் வை என்பது. இன்னொன்று, தனியாளை வைக்காதே, மாற்று ஆள் தயாராக வைத்திருக்கும் நிறுவனத்தை வை என்பது. காய்ச்சல் வந்து உதவியாளர் படுத்துவிட்டால் வேலை நின்றுவிடுமே என்ற கவலைதான் அதற்குக் காரணம். இந்த இரண்டுமே விலையைப் பற்றியவை இல்லை. ‘இவர் என்னை ஏமாற்றுவாரா? இவர் காணாமல் போய்விடுவாரா?’ இந்த இரண்டு பயங்களுக்கும் பதில் கிடைக்காத வரை, மணிக்கு ஒரு டாலர் என்றாலும் யோசிப்பார்கள்.

பெங்களூர் நிறுவனங்கள் இரண்டுக்கும் இந்தப் பயத்தைத் தணிக்கப் பழைய பெயர் ஒன்று கைவசம் இருந்தது. பிரிக்வொர்க்கைத் தொடங்கிய விவேக் குல்கர்னி, கர்நாடக அரசில் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. யுவர் மேன் இன் இந்தியா டி.டி.கே. குழுமத்தின் ஓர் அங்கம். 1928இல் சென்னையில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய நிறுவனம் அது. பிரெஸ்டீஜ் குக்கரும் உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரும் புழங்காத தமிழ் வீடு அரிது. வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரில் தன் அம்மாவைப் போய்ப் பார்க்க முன்பின் தெரியாத ஒருவரை அனுப்புகிறவருக்கு, அந்தப் பெயர் எவ்வளவு தைரியம் கொடுத்திருக்கும்! இது என் ஊகம்தான். ஆனால் வலுவான ஊகம் என்று நினைக்கிறேன்.

சிறு வி.ஏ.வுக்கு ஐ.ஏ.எஸ். பின்னணியும் கிடையாது, தொண்ணூறு ஆண்டுக் குழுமமும் கிடையாது. அந்த வெற்றிடத்தை எதனால் நிரப்புவது? என் பதில், நடைமுறை விவரங்களால் என்பது. ‘உங்கள் கடவுச்சொல் எனக்கு வேண்டாம். ஜிமெயிலில் பிரதிநிதியாக என்னைச் சேர்த்தால் போதும். நான் உங்கள் அஞ்சலைப் படிக்கலாம், பதில் அனுப்பலாம், ஆனால் கடவுச்சொல்லை மாற்ற முடியாது. வேண்டாம் என்றால் ஒரே நிமிடத்தில் நீக்கிவிடலாம்’ என்று முதல் உரையாடலிலேயே ஒரு வி.ஏ. சொன்னால் எதிரில் இருப்பவரின் தோள் தளர்வதை உணரலாம். நம்பகமானவர் என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை, கவனியுங்கள். நம்ப வேண்டிய அளவையே குறைத்துவிட்டார்.

காணாமல் போகும் பயத்துக்கு, இதே வேலை தெரிந்த இன்னொரு வி.ஏ.வோடு உடன்பாடு வைத்துக்கொள்வதுதான் வழி. எனக்கு முடியாத நாளில் நீ, உனக்கு முடியாத நாளில் நான். வேலை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்புகள் ஒரு பொதுக் கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். தனியாளாக இருந்தபடியே, ஃபெரிஸ் கேட்ட மாற்று ஆள் ஏற்பாட்டைக் காட்டிவிடலாம். இதைத் தன் அறிமுகப் பக்கத்தின் மேற்பகுதியில் எழுதிவைக்கும் தனி வி.ஏ.க்கள் மிகக் குறைவு என்பது எனக்குப் புரியாத விஷயம்.

வாடிக்கையாளர் நிறைந்தும் மூழ்கிய நிறுவனம்

வாடிக்கையாளர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று பார்க்க, அமெரிக்காவின் ஜிர்ச்சுவல் என்ற வி.ஏ. நிறுவனத்தைப் பார்க்க வேண்டும். மாரன் கேட் டோனவன் இணைந்து தொடங்கிய நிறுவனம். ஜாப்போஸ் என்ற ஆன்லைன் காலணிக் கடையின் தலைவராக இருந்த டோனி ஷேயின் முதலீட்டு நிதியும் அதில் பணம் போட்டிருந்தது. ‘எங்கள் உதவியாளர்கள் எல்லோரும் அமெரிக்காவிலேயே இருப்பவர்கள்’ என்பதுதான் அவர்களின் முழக்கம். மாதச் சந்தா, குறிப்பிட்ட மணி நேரம், ஒரே உதவியாளர். தெளிவான வாக்குறுதி, வேகமான வளர்ச்சி.

2015 ஆகஸ்ட் 10 அன்று, ஏறத்தாழ 400 ஊழியர்களுக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மின்னஞ்சல் போனது. நிறுவனம் மூடப்படுகிறது, வேலை இல்லை. காலையில் வாடிக்கையாளர்கள் தங்கள் உதவியாளரைத் தேடினால் ஆளே இல்லை. ஓரிரு நாளில் ஸ்டார்ட்டப்ஸ்.கோ என்ற நிறுவனம் அதை வாங்கிக்கொண்டு திரும்ப இயக்கியது. ஒப்பந்தப் பணியாளர்களாக இருந்தவர்களை முழு ஊழியர்களாக மாற்றியபோது செலவு ஏறியது; கையிருப்புப் பணம் தீர்வதற்குள் அடுத்த முதலீடு வரவில்லை. ஊழியர்களாக மாற்றியது நியாயமான செயல் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் விற்ற விலைக்குள் அந்த நியாயத்துக்கு இடம் விடப்படவில்லை.

சிறு நிறுவனத்துக்கு இதில் என்ன இருக்கிறது? விலையும் ஒரு வாக்குறுதிதான் என்பது. மலிவு என்று சொல்லி வாடிக்கையாளரைப் பிடித்தால், உதவிக்கு இரண்டாவது ஆளை வைக்கும் நாளில் அவருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. மணிக் கணக்கு போடும்போது வேலை செய்யும் மணியை மட்டும் பார்க்கக் கூடாது. வாடிக்கையாளரைத் தேடும் நேரம், மின்சாரம், இணையம், மென்பொருள் சந்தா, விடுப்பு நாள், பணப் பரிமாற்றக் கட்டணம், ஃபைவர், அப்வொர்க் போல வேலை பிடித்துத் தரும் இணையதளங்களின் பங்கு எல்லாம் அதே மணிக்குள்தான் அடங்க வேண்டும். ஃபைவரில் விற்றால் வருமானத்தில் 20 சதவீதம் தளத்துக்குப் போய்விடும். அப்வொர்க்கில் கட்டணம் ஒப்பந்தத்தைப் பொறுத்து மாறும்; தவிர, அங்கே அறிமுகமான வாடிக்கையாளரைத் தனி மாற்றுக் கட்டணம் கட்டாமல் இரண்டு ஆண்டுகளுக்கு வெளியே அழைத்துப்போக விதி இடம் தராது. தொடக்கத்தில் அனுபவம் சேர்க்க அந்தத் தளங்கள் உதவும்தான். ஆனால் தொழில் முழுவதையும் அவற்றின் மேல் கட்டினால், வாடிக்கையாளர் யாருடையவர் என்ற கேள்விக்கு நல்ல பதில் இல்லாமல் போய்விடும்.

ஒரு வேலையை எடுத்து முழுதாகச் செய்து பார்த்தால்

இனி, இந்தப் பாடங்களை ஒரு சிறு நிறுவனத்தின் அளவுக்கு இறக்கிப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, பிரிட்டனில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதும் புக்கீப்பர்களை வாடிக்கையாளராக எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது.

பிரிட்டனில் தனியாளாகத் தொழில் செய்பவர்கள் வருமான வரிக் கணக்கை ஆன்லைனில் ஜனவரி 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவைதான். ‘மேக்கிங் டாக்ஸ் டிஜிட்டல்’ திட்டம் அதை மாற்றுகிறது. 2026 ஏப்ரல் 6 முதல், தொழிலிலும் வாடகையிலும் சேர்த்து 50,000 பவுண்டுக்கு மேல் மொத்த வரவு உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒரு முறை மென்பொருள் வழியாக விவரம் அனுப்ப வேண்டும். 2027 ஏப்ரலில் அந்த எல்லை 30,000 பவுண்டாக இறங்குகிறது. காலாண்டு விவரங்களுக்கான கடைசி நாட்கள் ஆகஸ்ட் 7, நவம்பர் 7, பிப்ரவரி 7, மே 7.

இந்த விதி புக்கீப்பருக்கு என்ன செய்கிறது? முன்பு ஆண்டுக்கு ஒரு தடவை ‘ரசீதை அனுப்புங்கள், ரசீதை அனுப்புங்கள்’ என்று கெஞ்சியவர், இப்போது நான்கு தடவை கெஞ்ச வேண்டும். ஒவ்வொரு குழாய் மிஸ்திரியையும், முடிதிருத்துபவரையும், சிறு கடைக்காரரையும் துரத்தி ரசீது வாங்கி, கணக்கு மென்பொருளில் ஏற்றி, விடுபட்டதைப் பட்டியலிட்டு, மறுபடியும் ஞாபகப்படுத்த வேண்டும். புக்கீப்பரின் மணிக்கூலிக்கு இந்தத் துரத்தல் கட்டுப்படியாகாது. செய்யாமலும் இருக்க முடியாது. ஒரு வி.ஏ.வுக்கு இதைவிட நல்ல வேலை வேறென்ன?

ஆக, இந்த வி.ஏ.வின் அறிமுகப் பக்கத்தில் இருக்க வேண்டிய முதல் வரி ‘நிர்வாக உதவி’ என்பதில்லை. ‘உங்கள் வாடிக்கையாளர்களிடம் இருந்து காலாண்டு ரசீதுகளைக் கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பே வாங்கித் தருவேன்’ என்பதுதான். ஒரு வேலை, ஒரு நாள் கணக்கு, ஒரு வகை வாடிக்கையாளர். அதன் கீழே, அதை எப்படிச் செய்வார் என்று நாலு வரி. எந்தத் தேதியில் முதல் ஞாபகக் கடிதம் போகும், பதில் வராவிட்டால் எப்போது அடுத்தது, எந்த விஷயத்தைத் தானே முடிப்பார், எதைப் புக்கீப்பரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார். பொம்மை தீர்ந்துபோனால் என்ன செய்வார் என்பதற்கு இந்தக் கடைசி வரிதான் பதில்.

நேரமும் கைகொடுக்கிறது. லண்டனின் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து மணி என்பது நமக்குக் கோடையில் மதியம் ஒன்றரை முதல் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் இரண்டரை முதல் பத்தரை. காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு உட்காரலாம், இரவு தூங்கலாம். நியூயார்க் வாடிக்கையாளர் என்றால் குளிர்காலத்தில் நம் இரவு ஏழரைக்குத் தொடங்கி விடிகாலை மூன்றரை வரை போகும். சிங்கப்பூர் என்றால் காலை ஆறரை முதல் மதியம் இரண்டரை. வாடிக்கையாளரின் ஊரைத் தேர்ந்தெடுப்பது என்பது நம் தூக்கத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதுதான். பலர் அமெரிக்கா என்றே பழகிவிட்டதால், இதை யோசிப்பதே இல்லை.

அடுத்து, தரவு. பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, புக்கீப்பர் தன் வாடிக்கையாளர் விவரங்களை இன்னொருவரிடம் கையாளக் கொடுத்தால் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். அந்த விவரம் இந்தியாவுக்கு வருகிறது என்றால் அதற்கென்று கூடுதல் ஏற்பாடும் வேண்டும்; அங்குள்ள தகவல் ஆணையர் அலுவலகம் இதற்காகவே ஒரு சர்வதேசத் தரவுப் பரிமாற்ற ஒப்பந்தப் படிவத்தை வெளியிட்டிருக்கிறது, 2022 மார்ச் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தனியாகத் தொழில் செய்யும் புக்கீப்பர் பலருக்கு இதைப் பற்றி மனதின் மூலையில் ஒரு பயம் இருக்கும், என்ன செய்வதென்று தெரியாது. ‘இந்தப் படிவம் தேவைப்படும், நிரப்ப வேண்டிய பகுதிகளை நான் தயாராக வைத்திருக்கிறேன்’ என்று வி.ஏ. தானாகச் சொன்னால், அதன் பிறகு மணிக்கு எவ்வளவு என்ற கேள்வியின் தொனியே மாறிவிடும்.

இவர்களை எப்படி அடைவது? இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். எங்கிருந்தோ முகவரிப் பட்டியல் வாங்கி, ஒரே கடிதத்தை ஐந்நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். பிரிட்டனின் மின்னணுத் தொடர்பு விதிகள் தனியாள் தொழில்காரர்களைத் தனிநபராகவே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அவர்கள் சம்மதம் இல்லாமல் விற்பனை மின்னஞ்சல் அனுப்பக் கூடாது. லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு அனுப்பலாம், ஆனால் யார் அனுப்புகிறோம் என்பதும், வேண்டாம் என்று சொல்லும் வழியும் அதில் இருக்க வேண்டும். கனடாவில் 2014 முதல் விதி இன்னும் இறுக்கம், சம்மதம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் முன்சம்மதம் கேட்பதில்லை. ஆனால் உண்மையான அஞ்சல் முகவரி வேண்டும், தலைப்பில் ஏமாற்று கூடாது, வேண்டாம் என்றவரைப் பத்து வேலை நாளுக்குள் நீக்கிவிட வேண்டும். தரவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்ல வருகிறவர், விதியை மீறிய ஒரு கடிதத்தோடு போய் நின்றால் என்ன மரியாதை இருக்கும்?

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கூட்டமாக அனுப்பும் கடிதத்துக்குப் பலனும் குறைவு. புக்கீப்பர்கள் கூடும் இடங்கள் இருக்கின்றன: அவர்களின் தொழில் சங்கங்கள், கணக்கு மென்பொருள் நிறுவனங்கள் நடத்தும் கூட்டங்கள், லிங்க்ட்இன்னில் அவர்கள் எழுதும் பதிவுகள். அங்கே போய் விற்கக் கூடாது. ஜனவரி முடிந்ததும் களைத்துப்போய்ப் புலம்புவார்கள்; ரசீது கேட்டு அனுப்பும் ஞாபகக் கடிதத்தின் நல்ல மாதிரி ஒன்றை அப்போது இலவசமாகப் போடலாம். அவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தட்டும். பயன்படுத்தியவர்களில் யாராவது ‘இதை அனுப்பவும் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும்’ என்று நினைப்பார். பதிவின் கீழே உங்கள் பெயர் இருக்கிறது.

அப்புறம் காலம். ஜனவரியில் போய்க் கதவைத் தட்டினால் யாருக்கும் பேச நேரமிருக்காது. பிப்ரவரி 7 கடந்ததும், அனுபவித்த வலி ஆறுவதற்குள் பேச வேண்டும். அப்போது பேசினால் ஏப்ரலில் தொடங்கும் புதிய வரி ஆண்டுக்கு வேலை உறுதியாகிவிடும். முதல் வேலையை இலவசமாகச் செய்துகாட்டுகிறேன் என்று போகவும் வேண்டியதில்லை. சிறிய, முடிவு தெரிந்த ஒரு வேலைக்குக் குறைந்த விலை சொல்லலாம்: பத்து வாடிக்கையாளரின் ஒரு காலாண்டு ரசீது, இத்தனை பவுண்டு. இலவசமாகக் கிடைத்ததைச் சோதிக்க வாடிக்கையாளரும் நேரம் ஒதுக்குவதில்லை, பதிலும் ஒழுங்காகச் சொல்வதில்லை. காசு கொடுத்தால் கவனிப்பார்.

இதே முறையை வேறு தொழிலுக்கும் வைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் டியூஷன் மையம் நடத்துபவர், ஆஸ்திரேலியாவில் வீடு வாடகைக்கு விடும் முகவர், சென்னையில் தனியாக மருத்துவமனை நடத்தும் பல் மருத்துவர். உள்ளூர் வாடிக்கையாளரை யாரும் கண்டுகொள்வதில்லை, அது வருத்தமான விஷயம். நம் ஊர்ப் பல் மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் ஞாபகச் செய்தி அனுப்பி, வராத நோயாளியின் நேரத்தை இன்னொருவருக்குக் கொடுக்க ஓர் ஆள் நிச்சயம் தேவை. டாலரில் வராது, உண்மைதான். ஆனால் நேரில் போய்ப் பேசலாம், தமிழில் பேசலாம், நள்ளிரவு விழிக்க வேண்டாம்.

கதையை யார் சொல்வது

ஜேக்கப்ஸ் கட்டுரையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கதையைச் சொன்னவர் வாடிக்கையாளர். நிறுவனம் அதை எழுதியிருந்தால், ‘எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் மனைவியோடு சண்டை போட்டார், நாங்கள் மன்னிப்புக் கடிதம் எழுதினோம்’ என்று எழுதியிருந்தால், அடுத்த வாடிக்கையாளர் வந்திருக்கவே மாட்டார். வி.ஏ. என்பவர் பிறர் வீட்டு விஷயத்தையும் கணக்கையும் அஞ்சலையும் பார்ப்பவர். அதைத் தன் விளம்பரத்துக்காக எழுதுபவரிடம் யார் தன் அஞ்சல் பெட்டியைத் திறந்துவிடுவார்கள்? ஊர் பெயரையும் ஆள் பெயரையும் மறைத்து எழுதினாலும், சம்பந்தப்பட்டவருக்குத் தன் கதை என்று தெரிந்துவிடும்.

அதனால் வாடிக்கையாளரையே பேசவைக்க வேண்டும், அதற்குக் கேட்க வேண்டும். ‘என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால், ‘அருமையான சேவை, நன்றி’ என்று வரும். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு காலாண்டு முடிந்து, கடைசி நாளுக்கு முன்பே எல்லா ரசீதும் சேர்ந்த அந்த வாரத்தில் கேட்க வேண்டும்: போன தடவை இந்த நேரத்தில் எத்தனை ரசீது பாக்கி இருந்தது, இந்தத் தடவை எத்தனை, நடுவில் உங்களைக் கேட்காமல் நான் முடித்த விஷயம் எது, அது சரியாக இருந்ததா? இந்தக் கேள்விகளுக்கு அவர் எழுதும் பதில்தான் அடுத்த புக்கீப்பர் படிக்க வேண்டியது. எழுதியதை எங்கே போடப்போகிறோம், பெயரோடு போடலாமா, அவருடைய வாடிக்கையாளர் யாரும் அடையாளம் தெரியும்படி ஏதாவது இருக்கிறதா என்று திரும்பக் கேட்டு, அவர் சரி என்ற வடிவத்தை அப்படியே போட வேண்டும். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பிறகு அந்த ஒரு பதிலைப் பக்கத்தின் மேலே, விலைக்கும் முன்னால் வைக்க வேண்டும்.